குமரி மாவட்டத்தில் பழைய பேஸ் கிட்டாரும் ஆம்ப்பும்: வாங்க, மாற்ற, விற்க

நம் மாவட்டத்தில் பேஸ் வாசிப்பவர்களில் பெரும்பாலானவர்கள் சர்ச்சில் தொடங்கியவர்கள். கோயரில் கீபோர்டுக்கு ஆள் இருக்கும். லீட் கிட்டாருக்கு இரண்டு பேர் காத்திருப்பார்கள். பேஸ் மட்டும் மூலையில் சாய்ந்து நிற்கும். "தம்பி, நாலு கம்பிதானே, நீ பிடி" என்று ஓர் அண்ணன் எடுத்துக் கையில் கொடுப்பார். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆறு மாதம் அந்தச் சர்ச் பேஸில் வாசித்துவிட்டு, சொந்தமாக ஒன்று வேண்டும் என்று மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீட்டில் சிவப்பு நிற பேஸ் ஒன்றை வாங்கினேன். பளபளப்பாக இருந்தது. ஒரே மழைக்காலத்தில் கம்பிகள் ஃப்ரெட்டை (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) விட்டு உயரே போய்விட்டன. சரி செய்யலாம் என்று, கம்பிகள் ஓடும் நீளமான கழுத்தின் (நெக்) உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகப் போனால், அது ஏற்கெனவே கடைசி வரை இறுகிக் கிடந்தது. விற்றவருக்கு அது தெரிந்தே இருந்திருக்கும். எனக்குத்தான் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. புதிதாக வாங்கப் போகிறவர்களுக்கு அந்த ஆளாக இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எது வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

நான்கு கம்பி போதும். ஐந்தாவது கம்பி வேண்டும் என்று தோன்றினால் ஒரு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு கம்பி பேஸில் தாழ்ந்த ஈ கம்பி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து கம்பியின் பி கம்பி 31 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். சர்ச்சிலோ கச்சேரியிலோ கிடைக்கும் சாதாரண ஸ்பீக்கர் பாக்ஸ் அந்த 31 ஹெர்ட்ஸைத் தெளிவாகத் தராது. வெறும் உதறல்தான் வரும்.

பழைய சந்தையில் நீங்கள் காணும் பேஸ்களில் பெரும்பகுதி இரண்டு வடிவங்களின் வழிவந்தவை. ஒன்று, லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ். கம்பிகளுக்கு அடியில், அதிர்வைப் பிடித்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப் நடுவில் இரண்டு துண்டாகப் பிரிந்து இருந்தால் அது இந்த வகை. அந்தப் பிரிந்த பிக்கப் 1957-இல் வந்தது, இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்ளும். மற்றொன்று 1960-இல் வந்த ஜாஸ் பேஸ். இரண்டு நீளமான பிக்கப், மேல்பக்கம் ஒல்லியான நெக். கை சிறிதாக இருப்பவர்களுக்கு ஜாஸ் வசதி. இரண்டுக்கும் கம்பி நீளம் 34 அங்குலம்தான். யமஹா, ஐபனீஸ், கோர்ட், ஸ்குவையர் ஆகியவற்றின் ஆரம்ப நிலை பேஸ்கள் நம் பக்கம் அடிக்கடி கைமாறும். இவற்றில் எது வாங்கினாலும் தவறில்லை. பெயரை விட அந்தக் குறிப்பிட்ட பேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம்.

ஆம்ப் (பேஸின் சத்தத்தைப் பெருக்கித் தரும் பெட்டி) உடனே வேண்டுமா என்றும் யோசியுங்கள். பல சர்ச்சுகளில் பேஸ் நேராக மிக்சருக்குத்தான் போகிறது. வீட்டில் பழக ஹெட்ஃபோனில் கேட்கும் சிறிய ஆம்ப் போதும். அந்தப் பணத்தை நல்ல பேஸில் போடுங்கள்.

எப்போது தேடுவது

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாங்காதீர்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3 வரை, அப்புறம் கேரல் ரவுண்ட்ஸ், கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று எல்லாக் குழுவுக்கும் அப்போதுதான் பொருள் தேவைப்படும். விற்பவரும் விலையை இறக்க மாட்டார். ஜூன் மாதம் நல்லது. பள்ளி, கல்லூரிக் கட்டணத்துக்காக வீட்டில் சும்மா இருக்கும் பொருளை வெளியே எடுப்பார்கள். வெளிநாட்டு வேலைக்கு விசா வந்தவர் அவசரமாகக் கொடுப்பதும் உண்டு. கோயர் அண்ணன்மார், மைக் செட்காரர்கள், கிட்டார் சொல்லிக்கொடுப்பவர்கள் ஆகிய மூன்று பேரிடம் சொல்லி வையுங்கள். நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரை எந்த பேஸ் எந்த வீட்டில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். திருவனந்தபுரமும் பக்கம்தான், அங்கேயும் ஒரு கண் வையுங்கள். படத்தை மட்டும் பார்த்து முன்பணம் அனுப்ப வேண்டாம்.

பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள். பையில் உங்கள் சொந்த கேபிள், டியூனர், சிறிய டார்ச், எல்-கீ செட், ஒரு மல்டிமீட்டர் இருக்கட்டும். விற்பவரிடம் முன்கூட்டியே, "அண்ணே, நெக்கைக் கொஞ்சம் திருகிப் பாத்துக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். மறைக்க ஒன்றுமில்லாதவர் சரி என்பார்.

கையில் வாங்கியதும் வாசிக்கத் தொடங்காதீர்கள். உடல் பக்கத்தைக் கண்ணருகே வைத்து, ஆசாரி பலகையின் நேர்மை பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி நெக்கின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு ஓரமும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் சரிசெய்துவிடலாம். ஓர் ஓரம் ஒரு பக்கமும் மற்றொன்று வேறு பக்கமும் போனால் நெக் முறுகியிருக்கிறது. அதற்கு மலிவான வைத்தியம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லி வந்துவிடுங்கள்.

அடுத்து வளைவின் அளவு. ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு உரசிப் போகும் அளவு, ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் நன்று. கூடுதலாக இருந்தால் ட்ரஸ் ராடை இறுக்க வேண்டும், இடைவெளியே இல்லையென்றால் தளர்த்த வேண்டும். எப்படி இருந்தாலும் வாங்கும் முன் அந்த ராட் இரண்டு பக்கமும் அசைகிறதா என்று விற்பவரையே எட்டில் ஒரு சுற்று திருகிக் காட்டச் சொல்லுங்கள். அசையவில்லை என்றாலோ, எல்-கீ உள்ளே வழுக்கிச் சுற்றினாலோ, அந்த பேஸ் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். என் சிவப்பு பேஸில் நான் செய்யாமல் விட்டது இந்த ஒரு நிமிட வேலையைத்தான்.

இப்போது வாசியுங்கள். ஆம்ப்பில் போடும் முன் கரண்ட் இல்லாமலேயே ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்திக் கேளுங்கள். எண்பது சத்தம்தான், ஐந்து நிமிடம் ஆகும். ஓரிடத்தில் மட்டும் 'கிர்' என்று உரசினால் அந்தப் பக்கத்து ஃப்ரெட் எழும்பியிருக்கலாம் அல்லது தேய்ந்திருக்கலாம். ஜி கம்பியின் ஐந்து முதல் ஏழாவது ஃப்ரெட் வரை ஏதாவது ஒரு சுரம் சட்டென்று செத்துப்போகிறதா என்று பாருங்கள். திருகாணி போட்டு இணைத்த நெக்குகளில் அது அடிக்கடி வரும். மரத்தின் குணம் அது, பழுது இல்லை. கொஞ்சமாக இருந்தால் வாங்கலாம். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரமும் டியூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். வேறுபட்டால், உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சிறு துண்டான சேடிலை நகர்த்திச் சரிசெய்யலாம். அதற்காக விலை குறைத்துக் கேட்காதீர்கள், பத்து நிமிட வேலை.

நெக் உடலில் பொருந்தும் பள்ளத்தின் ஓரத்தில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்டில் மட்டும் இருக்கும் மெல்லிய கோடு பரவாயில்லை. மரத்துக்குள் இறங்கியிருந்தால் வேண்டாம். வாரை மாட்டும் குமிழ் ஆடினால் கவலை இல்லை. ஓட்டையில் ஃபெவிகால் தடவிய தீக்குச்சியைச் செருகி, காய்ந்ததும் திருகாணியை முறுக்கினால் பிடித்துக்கொள்ளும்.

தலையில் ஃபெண்டர் என்று எழுதியிருக்கிறது என்பதற்காக ஃபெண்டர் விலை கொடுக்க வேண்டாம். அந்த ஸ்டிக்கர் தனியாக வாங்கி ஒட்டப்படுகிறது. ஸ்குவையர் ஃபெண்டரே 1982 முதல் நடத்தும் குறைந்த விலை வரிசை, நல்ல பேஸ்கள்தான். ஆனால் ஸ்குவையர் பெயரைச் சுரண்டி ஃபெண்டர் ஆக்கியது நல்ல வியாபாரம் அல்ல. பில் கேளுங்கள். பில் இல்லையென்றால், அவர் அந்த பேஸோடு எடுத்த பழைய படம் ஒன்றாவது கேளுங்கள். திருட்டுப் பொருள் கையில் வந்துவிடக் கூடாது.

இரைச்சல் என்ன சொல்கிறது

ஆம்ப்பில் செருகியதும் வரும் முனகலை வைத்துப் பாதிப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட் 49 ஹெர்ட்ஸ். முனகல் அந்தச் சுரத்தோடு ஒத்துப்போனால், கரண்ட் நேராக உள்ளே நுழைகிறது என்று அர்த்தம்: எர்த் கோளாறு, மோசமான கேபிள், அல்லது பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர். திறந்த ஜி கம்பி 98 ஹெர்ட்ஸ். முனகல் அதோடு ஒத்துப்போய், பேஸின் வால்யூமைப் பூஜ்யமாக்கினாலும் அப்படியே நின்றால், ஆம்ப்புக்குள் கரண்டை நேராக்கும் பகுதியில் பெரிய கெப்பாசிட்டர் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆம்ப்களில் இது சகஜம். மாற்றலாம், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமும் முழுதாக இருக்கும்போது அமைதியாகவும், ஒன்றைக் குறைத்ததும் இரைச்சலாகவும் இருந்தால் அது பழுது இல்லை, அந்த வகையின் இயல்பு. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள்ளே ஷீல்டிங் (வெளி இரைச்சலைத் தடுக்கும் உலோகப் பூச்சு) போதவில்லை. தொட்டாலும் தொடாவிட்டாலும் ஒரே இரைச்சல் என்றால், பிரிட்ஜுக்குப் போகும் எர்த் வயர் அறுந்திருக்கலாம். ஒரு சால்டரிங் போதும்.

ஆம்ப் வாங்கும்போது

சாதாரண கிட்டார் ஆம்ப்பில் பேஸைச் செருகி மெதுவாக வாசித்தால் ஒன்றும் ஆகாது. சத்தம் கூட்டினால் அதன் ஸ்பீக்கரில் அதிரும் கூம்பு (கோன்) கிழியும். டிரம்ஸ் இல்லாத ஜெபக் கூட்டத்துக்கு 30 வாட் பேஸ் ஆம்ப் போதும். டிரம்ஸோடு என்றால் 100 வாட்டுக்குக் கீழே பார்க்காதீர்கள். தாழ்ந்த சுரத்துக்குச் சக்தி அதிகம் தேவை.

ஸ்பீக்கரைச் சோதிப்பது எளிது. இரண்டு கை விரல்களாலும் கோனைச் சமமாக மெல்ல உள்ளே அழுத்தி விடுங்கள். உள்ளே மணல் உரசுவது போல ஒலி கேட்டால் கோனின் பின்னால் இருக்கும் கம்பிச்சுருள் உரசுகிறது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் 6 ஓம் அளவில் காட்டும், 4 ஓம் என்றால் 3-க்குக் கொஞ்சம் மேல். ஒன்றும் காட்டவில்லை என்றால் அந்தச் சுருள் போய்விட்டது. அப்புறம் ஈ கம்பியைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டே வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள். பத்து நிமிடமாவது ஓட விடுங்கள். சூடேறிய பிறகுதான் சில ஆம்ப்கள் தங்கள் நோயைக் காட்டும். விற்பவர் டீ குடிக்கக் கூப்பிட்டால் போங்கள், ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கட்டும்.

தனி ஹெட்டும் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) தனி ஸ்பீக்கர் பாக்ஸும் என்றால் ஓம் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். 8 ஓம் பாக்ஸ் இரண்டை இணையாகப் போட்டால் 4 ஓம் ஆகிவிடும். ஹெட்டின் பின்னால் குறைந்தது 4 ஓம் என்று எழுதியிருந்தால் மூன்றாவது பாக்ஸை மாட்டக் கூடாது. நடுவில் போடும் வயர் ஸ்பீக்கர் வயராக இருக்க வேண்டும். கிட்டார் கேபிள் சூடாகி உருகும்.

வெளிநாட்டிலிருந்து வந்த ஆம்ப் என்றால் பின்பக்கத் தகட்டை முதலில் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது பெரும்பாலும் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அந்த நொடியே எரியும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் பயன்படுத்தலாம், ஆனால் அது ஆம்ப் இழுக்கும் வாட்டைத் தாங்க வேண்டும், அதையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். என்னைக் கேட்டால் புதியவர்கள் தவிர்ப்பது நல்லது.

எர்த் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. மூன்று பின் பிளக்கில் பெரிய பின்தான் உங்கள் உயிர். இரைச்சல் வருகிறது என்று அந்தப் பின்னை வெட்டியவர்களையும், வயரைக் கழற்றிவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கையில் கம்பி, உதட்டருகே மைக். இரண்டும் வேறு வேறு லைனில் இருந்து, ஒன்றில் எர்த் இல்லையென்றால், பாடும்போது ஷாக் உங்கள் உடல் வழியாகப் போகும். மழை நனைந்த மைதானத்தில், ஜெனரேட்டரில் நடக்கும் கன்வென்ஷன் மேடையில் இது விளையாட்டல்ல. மேடை ஏறியதும் கம்பியில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் வாசிக்காதீர்கள்; யார் சொன்னாலும் சரி, மைக் செட்காரரைக் கூப்பிட்டு எர்த் சரியான பிறகே தொடுங்கள். எல்லாப் பிளக்குகளும் ஒரே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து வரட்டும்.

அதே காரணத்தால், ஆம்ப்பைப் பின்னால் திறந்து நோண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் கரண்ட் நிற்கும். அது ஆம்ப் பழுது பார்ப்பவரின் வேலை. பேஸுக்குள் இருப்பது ஆபத்தில்லாதது. உங்கள் கைவேலையை அங்கே காட்டலாம்.

மாற்றுவது

முதல் மாற்றம் புதுக் கம்பி. .045 முதல் .105 அங்குலத் தடிமன் வரை உள்ள செட் பெரும்பாலான நான்கு கம்பி பேஸ்களுக்குப் பொருந்தும். பாதிப் பழைய பேஸ்கள் கம்பி மாற்றியதுமே வேறு பேஸ் ஆகிவிடும். கம்பி போட்ட பிறகு ட்ரஸ் ராட், ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல். கடிகாரத் திசையில் திருகினால் இறுகும். ஒரு நாள் விட்டு மறுபடி பாருங்கள், மரம் உட்கார நேரம் எடுக்கும். அப்புறம் சேடில் உயரம், கடைசியில் பன்னிரண்டாம் ஃப்ரெட் சுரம். இந்த வரிசையை மாற்றினால் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

இரண்டாவது ஷீல்டிங். பிக்கப் பள்ளத்திலும் கட்டுப்பாட்டுப் பள்ளத்திலும் ஒட்டும் செம்புத் தாளை வரிசையாக ஒட்டி, துண்டுகள் சேரும் இடங்களில் சால்டர் வைத்து, எர்த்தோடு இணையுங்கள். ஒரு ஞாயிறு மதியம் போதும். குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை.

மூன்றாவது, கரகர சத்தம் போடும் வால்யூம், டோன். பேசிவ் (உள்ளே பேட்டரி இல்லாத) பேஸில் பொதுவாகக் குமிழுக்கு அடியில் 250 கிலோ ஓம் பாட் (திருகும்போது மின்தடை மாறும் பாகம்), 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும். வாங்கும் முன் தண்டின் தடிமனைக் குமிழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கழற்றும் முன் வயர்களை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதிரி இரண்டு கறுப்பு வயர் இருக்கும்போது அந்தப் படம்தான் உதவும். ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது, கேபிள் செருகியிருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வையுங்கள்.

பிக்கப், பிரிட்ஜ் மாற்றுவதெல்லாம் பிறகு. கழற்றிய அசல் பாகங்களை ஒரு டப்பாவில் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது தேவைப்படும். ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி ஃப்ரெட்லெஸ் ஆக்குவது, உடலைத் துளைப்பது, பெயிண்டைச் சுரண்டுவது ஆகியவை திரும்ப முடியாத வேலைகள். நம்மூர் ஆசாரிமார் கைத்திறன் பெரியது, ஆனாலும் வளைந்த நெக்கை நேராக்க இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். ஃப்ரெட் போர்டின் வளைவு அதில் போய்விடும்.

உப்பும் ஈரமும்

இரண்டு பருவமழையும் நனைக்கும் மாவட்டம் இது. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வீடு என்றால் காற்றிலேயே உப்பு. வாசித்ததும் பருத்தித் துணியால் கம்பியின் மேலும் அடியிலும் துடையுங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், சுவரில் சாய்க்காதீர்கள், கடல் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். பிரிட்ஜின் சிறு திருகாணிகள்தான் முதலில் துருப்பிடிக்கும். மாதம் ஒரு முறை துளி மெஷின் எண்ணெய் தொட்டு வைத்தால் பல வருடம் வரும். கேபிள் செருகும் ஜாக்குக்கும் வால்யூம், டோன் பாட்களுக்கும் எண்ணெய் கூடாது, காண்டாக்ட் கிளீனர் மட்டும். கடற்கரை வீட்டிலிருந்து வரும் பேஸை வாங்கும்போது சேடில் திருகாணி ஒவ்வொன்றும் திரும்புகிறதா என்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

விற்கும்போது

மூன்று வருடம் பழகிய பிறகு வேறு ஒன்று வேண்டும் என்று தோன்றும். அப்போது நீங்கள் விற்பவர். விலை சொல்ல என் கணக்கு இது: நல்ல நிலை, எல்லாம் அசல் என்றால் இன்றைய புது விலையில் பாதிக்குச் சற்று மேல். நீங்கள் போட்ட பிக்கப்பின் விலையைச் சேர்த்துக் கேட்டால் யாரும் தர மாட்டார்கள். அசலைத் திரும்ப மாட்டி, பிக்கப்பைத் தனியாகக் கொடுங்கள்.

குறைகளை முதலிலேயே சொல்லுங்கள். நான் ஒரு பேஸைத் தக்கலைக்காரத் தம்பி ஒருவருக்கு விற்றபோது, டி கம்பியின் ஒன்பதாம் ஃப்ரெட் லேசாக உரசும் என்று கையில் கொடுக்கும் முன் வாசித்துக் காட்டினேன். "பரவால்லண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டார். நான்கு வருடம் கழித்து அவர் வெளியூர் போகும்போது, வேறு யாரிடமும் கேட்காமல் என்னையே கூப்பிட்டார். அந்த ஃப்ரெட்டை அவர் தட்டிச் சரிசெய்திருந்தார். இப்போது என் வீட்டில் அதுதான் இருக்கிறது.

பேஸை வாங்கியவர் எடுத்துப் போகும்போது எல்-கீ, பில், கழற்றிய பாகங்கள் இருக்கும் டப்பா எல்லாம் பையில் இருக்கட்டும். கடைசியாகப் போட்ட கம்பியின் அளவையும், போட்ட மாதத்தையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பஸ்ஸில் கொண்டுபோகிறார் என்றால், பேஸை மேலே வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.